படகும் படமும் பேரும்

அவிசாவளையிலிருந்து ஹற்றனை நோக்கி ஏறும் பெருந்தெரு, கினிகத்தேனையில்தான் தாழ்நாட்டின் புழுக்கத்தை விட்டு மலைநாட்டின் குளிருக்குள் நுழைகின்றது. அங்கே பஸ் நிற்கும் சில நிமிடங்களில், பள்ளத்தாக்கிலிருந்து முகில் ஏறிவந்து கடைகளின் முகப்பை மூடுவதையும் மழை இறங்குவதையும் காணாத மலையகத்தவர் இலர். அங்கிருந்து ஒருபுறம் கித்துல்கலைக்கு இறங்கலாம். மறுபுறம் நோர்ட்டன் பிரிட்ஜ் வழியாகக் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களை அடையலாம். இவ்விரு வழிகளிலும் அண்மைக்காலத்தில் வளர்ந்துவரும் வணிகமொன்றைப் பற்றியே இக்கட்டுரை பேச முனைகின்றது. விடுமுறைக்கு வருவோர் தமக்கென ஒரு படகையும், அதில் தம்மைப் படம்பிடிக்கத் தொழில்முறைப் புகைப்படக்காரர் ஒருவரையும் முன்கூட்டியே ஒழுங்குசெய்துகொள்ளும் வணிகம் அது.

இது ஒரு பல்கலைக்கழகச் சஞ்சிகையில் விவாதிக்கத்தக்க பொருளா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். காசுள்ளவர் படகேறுகின்றார், படம் எடுக்கின்றார், போகின்றார். இதிலென்ன ஆராய்ச்சி? ஆயின், விற்கப்படும் பொருள் யாதெனச் சற்றே கூர்ந்து நோக்குமிடத்து இவ்வலட்சியம் நீடிக்க முடியாது. படகிற்கு வாடகை உண்டு. புகைப்படக்காரருக்குக் கூலி உண்டு. விடுதிக்குத் தரகு உண்டு. இவ்விலைப்பட்டியலில் இடம்பெறாத ஒன்றே படத்தின் நடுவே நிற்கின்றது: கரையோரச் சரிவிற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் முகம்.

சென்ற ஆண்டு, கொழும்பிலிருந்து வந்த நண்பர் சிலர் இவ்வாறு ஒழுங்குசெய்த படகொன்றில் யானும் ஏறினேன். படகின் அணியத்திற் பிரம்புக்கூடை ஒன்று கிடந்தது. அது எதற்கென்று முதலில் எனக்கு விளங்கவில்லை. கரையை அண்மித்ததும், இடையிற் படங்கு கட்டிப் பொலித்தீன் பையிற் கொழுந்து போட்டுக்கொண்டிருந்த மூன்று பெண்களை நோக்கிப் புகைப்படக்காரர் குரல்கொடுத்தார். பையைக் கீழே வைத்துவிட்டு அக்கூடையைத் தலையில் மாட்டிக்கொள்ளும்படி அவர்களை வேண்டினார். பழைய கூடையே படத்திற்கு அழகு என்பது அவர் தீர்ப்பு. அவர்களும் சிரித்துக்கொண்டே உடன்பட்டனர். என் நண்பர்கள் ஒருவர்பின் ஒருவராக அவர்கள் அருகே நின்றனர். படகு திரும்பும் வேளையில் மூவருள் மூத்தவர், "தம்பி, எங்களுக்கும் ஒரு படம் கெடைக்குமா?" என்று கேட்டார். "அனுப்புறேன் அக்கா" என்றார் புகைப்படக்காரர். எங்கே அனுப்புவது என்று அவர் கேட்கவில்லை. பெயர் என்னவென்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொண்ட பின்னரே மேற்கொண்டு எழுத எனக்கு உரிமை உண்டு.

முதலில் அப்படகு மிதக்கும் நீரின் வரலாற்றை நோக்குவோம். பயணியின் படத்தில் அது இயற்கையின் ஏரியாகத் தோற்றமளிக்கின்றது. உண்மையில் அது மனிதர் தேக்கிய நீர். மலைநாட்டின் ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாமென்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். லக்ஷபானையின் முதலாவது மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இலும், மஸ்கெலி ஓயாவை மறித்து மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் 1969இலும் எழுந்தன. மவுஸ்ஸாக்கலையின் நீரடியிற் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கின்றது. வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலின் கற்சுவர்கள் வெளித்தோன்றுகின்றன. அவ்வேளை பார்ப்பதற்கும் படம்பிடிப்பதற்கும் கூட்டம் கூடுகின்றது. ஒரு தலைமுறை கற்பூரம் ஏற்றிக் கும்பிட்ட இடம் இன்னொரு தலைமுறைக்கு விநோதப் பின்னணி ஆகின்றது. இந்நீரிலிருந்து பிறந்த மின்சாரம் தலைநகருக்குப் பாய்ந்த காலத்தில், இதே சரிவுகளின் லயக் காம்பிராக்களிற் குப்பிவிளக்கே நெடுங்காலம் எரிந்தது. இவற்றுள் எதுவும் படகுப் படத்திற் புலப்படாது. படம் பொய் சொல்வதில்லை. ஆயின் எதைச் சொல்லாமல் விடுவதென்பதை அது நன்கறியும்.

இவ்விடுபடல் புதியதன்று. ஆங்கிலப் புகைப்படக்கலை வரலாற்றிற் பெரும்பெயர் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் தம் கணவருடன் இலங்கைக்கு வந்தார். அவர்கள் குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 ஜனவரியில் அவர் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்து, பொகவந்தலாவையின் சென் மேரிஸ் தேவாலய வளவில் அடக்கஞ் செய்யப்பட்டார். இங்கிலாந்திலே டெனிசனையும் டார்வினையும் படமெடுத்த அப்பெருமாட்டி, இலங்கையிலே தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தவரையும் அதே கலைத்திறனோடு படமெடுத்தார். ஆனால் அங்கே படத்திலிருப்போர்க்குப் பெயருண்டு. இங்கே பெரும்பாலும் இல்லை. கமரோனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அவருக்குப் பின்வந்த கொழும்புப் படப்பிடிப்பு நிலையங்கள், தேயிலை கொய்யும் பெண்ணை அஞ்சலட்டையில் அச்சிட்டு விற்றபோதும் இனப்பெயரும் தொழிற்பெயருமே படத்தின் கீழ் நின்றன. ஆளின் பெயர் நிற்கவில்லை. துரைமாரின் காலம் முடிந்தது. அஞ்சலட்டையின் காலமும் முடிந்தது. வழக்கம் மட்டும் முடியவில்லை.

கித்துல்கலைக்கு இறங்கினால் இன்னுமோர் எடுத்துக்காட்டுக் கிடைக்கின்றது. அங்கே களனி கங்கையில் றப்பர்த் தோணியேறி நுரைநீரிற் பாய்வோர், டேவிட் லீன் நெறிப்படுத்தி 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' எனும் திரைப்படம் பிடிக்கப்பட்ட இடத்தையும் சுட்டிக்காட்டப் பெறுகின்றனர். ஒளிப்பதிவுக்கும் சேர்த்து ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற படம் அது. அதன் கதைக்களமான சயாம்–பர்மா இரயில்பாதையை 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய இராணுவம் அமைத்தபோது 12,000க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் மாண்டனர். அதே பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளரின் தொகை ஏறத்தாழ 90,000 என மதிப்பிடப்படுகின்றது. மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுட் பெருந்தொகையினர். படத்தின் கதையில் அவர்களுக்கு இடமில்லை. தமிழ்த் தொழிலாளர் வாழும் மலையடிவாரத்தில், தமிழ்த் தொழிலாளர் மடிந்த பாதையின் கதை, தமிழ்த் தொழிலாளர் இன்றியே படமாக்கப்பட்டது. இதனைவிடத் தெளிவாகக் கமராவின் அரசியலை விளக்கவல்ல உவமை வேறு தேவையில்லை.

அப்படியாயின் மலையகத்தவர் தமக்காக எப்போது கமராவின் முன் நின்றனர்? எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியிற் பாட்டியின் படம் ஒன்றே ஒன்று இருக்கின்றது. அது அடையாள அட்டைக்காக எடுக்கப்பட்ட படம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனக் கணக்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் சரிபாதியாகப் பங்கிட்டது. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டத்தளவில் முடிவுகாண 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இந்த நெடுங்காலத்தில், நகரத்துப் படப்பிடிப்பு நிலையத்தின் முக்காலியில் அசையாது அமர்ந்து, கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பத்துக்கும் முகம் கொடுத்தவர்கள் எத்தனை குடும்பத்தவர்! ஒரு கமரா அவர்களை யாரென நிரூபிக்கச் சொன்னது. மற்றக் கமரா அவர்கள் யாராயிருந்தாலென்ன என்கின்றது. முன்னையது அதிகாரத்தின் தேவை. பின்னையது உல்லாசத்தின் தேவை. இரண்டிலும் படத்தில் இருப்பவரின் தேவை எதுவென்று வினவியவர் இலர்.

தோட்டத்து வழக்கில் 'பேர்' என்பதற்குத் தனிப்பொருள் உண்டு. ஒருநாள் வேலை பதியப்படுவதே பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. அதாவது அரைநாட் சம்பளம். பெயரே கூலியாகக் கணிக்கப்படும் சமூகத்திற் பெயரின்றிப் படமெடுப்பதன் பொருளை உணர்வது கடினமன்று. 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தை, 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் 1750 ரூபாவாக உயர்த்த முன்மொழிந்தது. ஒவ்வோர் உயர்வுக்கும் நீண்ட போராட்டம் வேண்டியிருந்தது. கூடை மாட்டி நின்ற அந்தக் கால்மணி நேரத்திற் குறைந்த கொழுந்துக்கு யார் பொறுப்பு? படகிற் சென்றவருக்கு அது கலை. நின்றவருக்கு அது அரைப்பேருக்கான ஆபத்து.

இதற்கு மாறாகக் கூறப்படும் நியாயங்களையும் நோக்குதல் வேண்டும்.

சுற்றுலாவால் வருமானம் வருகின்றதே என்பது முதலாவது நியாயம். மெய்தான். படகோட்டியும் புகைப்படக்காரரும் பெரும்பாலும் நமது இளைஞரே. தோட்டத்து வேலையை விட்டுக் கொழும்புக் கடைகளிற் கணக்கெழுதாமல், தமது ஊரிலேயே ஒரு நுண்கலையைத் தொழிலாக்கிக்கொண்ட அவர்களை நான் மதிக்கின்றேன். ஆயின் வருமானம் வருகின்றது என்பது, அது எவரிடையே பங்கிடப்படுகின்றது எனும் வினாவுக்கு விடையாகாது. படகுக்கும் கமராவுக்கும் விலையுண்டெனில் முகத்திற்கும் விலையுண்டு.

அவர்கள் விரும்பித்தானே நின்றார்கள் என்பது இரண்டாவது நியாயம். சிரித்துக்கொண்டு நின்றார்கள் என்பது உண்மை. விருந்தினரை முகஞ்சுளிக்காது வரவேற்பது எம்மவர் பண்பு. அப்பண்பை இசைவுப் பத்திரமாகக் கொள்வது அதனை அவமதிப்பதாகும். மேலும், துரையும் கணக்கப்பிள்ளையும் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றே பழகிய சமூகத்தில், 'மாட்டேன்' என்று சொல்லும் வாய்ப்பைத் தெளிவாக முன்வைத்த பின்னரே 'ஆம்' என்பதற்குப் பெறுமதி உண்டு.

அழகை இரசிப்பதிலென்ன குற்றம் என்பது மூன்றாவது. குற்றமேதுமில்லை. காலை வெயிலிற் காசல்ரீயின் நீர்ப்பரப்பு அழகியது. அதனை மறுப்பவன் கண்ணற்றவன். படமெடுப்பதை நிறுத்துங்கள் என்று நான் வாதிடவில்லை. பையைக் கீழே வைக்கச் செய்து கூடையை மாட்டிவிடும் அழகுணர்ச்சியையே எதிர்க்கின்றேன். இன்றைய தொழிலாளியை நூறாண்டுக்கு முந்திய அஞ்சலட்டைக்குள் திருப்பி அனுப்பும் அழகு அது. அவர் மகள் ஆசிரியையாய் இருக்கலாம். மகன் நம்முடன் இதே விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருக்கலாம். கூடையோ அவரைக் காலத்தில் உறையவைக்கின்றது.

இனி, பிறரைச் சுட்டிய விரலை நம்பக்கம் திருப்புவோம். நமது சங்கங்கள் வெளியிடும் மலர்களின் அட்டைகளைப் புரட்டிப் பாருங்கள். மலையகம் பற்றிய கட்டுரை என்றால் கூடை சுமந்த பெண்ணொருத்தியின் படம். அதன்கீழ் ஓவியரின் பெயருண்டு, அச்சகத்தின் பெயருண்டு, அவள் பெயர் மட்டும் இல்லை. மேடையிலே சுரண்டலைக் கண்டித்து முழங்கும் நாம், சுற்றுலாவிற் சிவனொளிபாதமலைக்குப் போகும் வழியிற் பஸ்ஸை நிறுத்தி, கேளாமற் படமெடுத்துத் திரும்புகின்றோம். விடுமுறைப் பயணிக்காவது அறியாமை எனும் சாட்டு உண்டு. நமக்கு அது இல்லை.

ஆகவே என் கோரிக்கைகள் நான்கே. படமெடுக்குமுன் கேளுங்கள், மறுத்தால் விலகுங்கள். வேலைநேரத்தில் எடுத்தால் அந்நேரத்திற்குரிய கூலியைப் படகுக் கட்டணத்தோடு சேர்த்து அறவிட்டுக் கையிற் கொடுங்கள். அச்சிட்ட படமொன்றை லயத்துக்குக் கொண்டுசென்று சேருங்கள். அவர் விரும்பினால் படத்தின் கீழே பெயரை எழுதுங்கள். இவை புரட்சிக் கோரிக்கைகள் அல்ல. கலியாண வீட்டுக்கு வரும் புகைப்படக்காரரிடம் நாம் எதிர்பார்க்கும் சாதாரண மரியாதையே. கினிகத்தேனையிலும் ஹற்றனிலும் தொழில்புரியும் இளைஞர்கள் கூடி இதனைத் தமக்குள் ஓர் ஒழுங்காக ஏற்றுக்கொண்டால், எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த மலரின் அட்டையில் இதனை நமது சங்கமே தொடங்கிவைக்கலாம்.

சில மாதங்களின் பின், நண்பரிடமிருந்து அந்தப் படத்தைப் பெற்று, அச்சிட்டு எடுத்துக்கொண்டு அத்தோட்டத்துக்குப் போனேன். மூவரில் இருவரைக் கண்டுபிடித்தேன். மூத்தவர் ஓய்வுபெற்று மகளின் வீட்டுக்குப் போய்விட்டாராம். எந்த ஊரென்று எவருக்கும் திட்டமாகத் தெரியவில்லை. அவருடைய பிரதி இன்னும் என்னிடமே இருக்கின்றது. அதன் பின்புறத்தில், மற்ற இருவரும் சொன்னபடி அவர் பெயரை எழுதி வைத்திருக்கின்றேன்.