பூண் போட்ட ஜாடியும் பெரியபட்டினத்துச் சில்லும்

உலக்கைக்குப் பூண் போடுவார்கள், நுனி பிளக்காமல் இருக்க. சீனத்துப் பீங்கான் ஜாடிக்கு எதற்கய்யா பூண்?

பதினெட்டாம் நூற்றாண்டு பாரிஸில் போட்டார்கள். ஜிங்தெஜென் சூளையில் வெந்து கடல் கடந்து வந்த ஜாடிக்கு, தங்க முலாம் பூசிய வெண்கலத்தில் பாதம், கைப்பிடி, விளிம்பு. கிழக்கும் மேற்கும் கலந்த அற்புதம் என்று இன்றும் புகழ்கிறார்கள். கலப்பாம்! வெண்கலம் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பல ஜாடிகளின் கழுத்தையே அறுத்தார்கள், துளை போட்டார்கள். இதற்குப் பெயர் கலப்பா?

செய்வித்தவர்கள் 'மார்ஷான் மெர்சியே' என்ற வியாபாரிகள். தொழிற்சங்க விதிப்படி அவர்கள் சொந்தமாக எதையும் செய்யக்கூடாது. அடுத்தவர் செய்ததைச் சேர்க்கலாம், அலங்கரிக்கலாம், விற்கலாம். லஸார் துவோ என்ற வியாபாரியின் 1748 முதல் 1758 வரையிலான கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது. அதில் பதினைந்தாம் லூயி மன்னனின் காதலி பொம்பதூர் சீமாட்டியின் பெயர் இருக்கிறது. ஜாடி வனைந்த குயவன் பெயர்? மூச்! முலாம் பூசியவன் பாடு இன்னும் மோசம். தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துப் பூசித் தீயில் காட்டுவார்கள். ஆவியாகும் பாதரச விஷம் அவன் நெஞ்சுக்குள்தான் போனது.

"பூணும் வரலாறுதானே?" என்று கேட்பார்கள். நியாயம்தான். 1300 வாக்கில் செய்த ஃபான்ட்ஹில் ஜாடிக்கு ஐரோப்பாவில் போட்ட வெள்ளிப் பூணை 19ஆம் நூற்றாண்டில் கழற்றிவிட்டார்கள். இப்போது ஜாடி டப்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூண் இருந்த கோலத்தை 1713-ல் வரைந்த படத்தில்தான் பார்க்க முடியும். ஆகவே போட்டதைப் பிடுங்க வேண்டாம். ஆனால் பூண் சொல்வது ஜாடியை வாங்கியவன் கதையை மட்டுமே.

வந்த வழியைச் சொல்வது சில்லு. ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்தில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்தன. பாண்டி ஆடக்கூடத் தேறாத துண்டுகள்! ஆனால் கிடந்த மண்ணோடு கிடைத்தன. அதனால்தான் அங்கே சீனச் சரக்கு இறங்கியதை அடித்துச் சொல்ல முடிகிறது.

பண்ணைக்காட்டுக்காரர்களுக்கு இது வெளியூர்க் கதை அல்ல. பழனி மலைக் கல்திட்டைகளைப் பற்றி ஆங்கிலேட், நியூட்டன் இருவரும் எழுதிய நூலை 1928-லேயே இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. பக்கத்துத் தாண்டிக்குடியில் 2000களில் நடந்த அகழாய்வில் ஈமக்குழிகளிலிருந்து பானைகளும் மணிகளும் வந்தன. எந்தக் குழியில், எதன் பக்கத்தில் என்ற குறிப்பு இருப்பதால்தான் அவை பேசுகின்றன. அதே மணியைப் புதையல் ஆசையில் ஒருவன் தோண்டியெடுத்து, ஒரு பங்களா வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்தால்? அதுவும் பூண்தான். பளபளக்கும், பேசாது.

நூறு வருடம் தாண்டிய பழம்பொருளைத் தனியார் நாடு கடத்த 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது. சந்தோஷம். ஆனால் குழியை விட்டுப் பெயர்த்த நிமிடமே பாதி கதை போய்விடுகிறதே, அதை எந்தச் சுங்கச்சாவடி பிடிக்கும்? மலையில் பானையோடு கண்ணில் பட்டால் கை வைக்காமல் தொல்லியல் துறைக்குச் சொன்னால் போதும். அதற்குத் தங்க முலாம் தேவையில்லை.