கணக்கில் வராத ஓகஸ்ட்: எங்கள் பட்டியல்களில் பெயர்கள் தொலையும் விதம்

மண்கும்பானில் ஒரு வீட்டு விறாந்தையில் மூன்று பேர் இருந்து ஒரு பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். 1990 ஓகஸ்ட் இறுதியில், யாழ்ப்பாணக் கோட்டையில் முற்றுகைக்குள் இருந்த படையினரை மீட்பதற்காகத் தீவுப்பகுதியில் இராணுவம் இறங்கிய நாட்களிலும் அதன் பின்னரும் மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் ஊர்களில் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் பட்டியல் அது. முதலில் ஒரு சீ.ஆர். கொப்பியில் இருந்தது. பின்னர் வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த மடிக்கணினியில் எக்செல் விரிதாளாக ஏறியது. வேறு இரண்டு இடங்களில் சேகரித்த பெயர்களும் அதனுடன் சேர்க்கப்பட்டன.

கொப்பியில் விரல் வைத்து எண்ணினால் ஒரு தொகை வந்தது. 1990 ஓகஸ்ட் 1 முதல் 31 வரை எத்தனை பேர் என்று கணினியைக் கேட்டால் அதில் அரைவாசிகூட வரவில்லை. சூத்திரத்தை இரண்டு முறை அழித்து எழுதினோம். அதே விடை. பிழை என்று ஒரு சிவப்புக்கோடுகூட இல்லை. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் கேட்டார்: "என்ர பிள்ளை எத்தினையாம் நம்பர், தம்பி?" பெயரைத் தேடினேன். பிள்ளை நிரையில் இருந்தார், கணக்கில் இல்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அந்த மடிக்கணினி அமெரிக்க ஆங்கில அமைப்பில் இயங்கியது. அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. நாங்கள் 23/08/1990 என்று எழுதினால் அது இருபத்து மூன்றாம் மாதத்தைத் தேடுகிறது. அப்படி ஒரு மாதம் இல்லாததால் அதைத் திகதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. திரையில் பார்க்கும் எங்களுக்கு அது திகதிதான். இரண்டு திகதிகளுக்கு இடையில் எத்தனை என்று எண்ணும் சூத்திரத்துக்கோ அந்தக் கலம் கண்ணில் படாது. ஓகஸ்ட் 22, 23, 25 என்று அந்த மடிக்கணினியில் தட்டச்சான அத்தனை பேரும் இப்படித்தான் கணக்கில் இருந்து விழுந்தார்கள். எங்கள் ஊர்களின் மிக மோசமான நாட்கள் எல்லாம் பன்னிரண்டாம் திகதிக்குப் பிந்தியவை என்பது ஒரு தற்செயல். அந்தத் தற்செயலால் அவை மொத்தமாக மறைந்தன.

இதைவிட ஆபத்தான பக்கமும் உண்டு. நாள் பன்னிரண்டுக்கு உட்பட்டிருந்தால் கணினி அதை மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்கிறது. செப்டெம்பர் 5 ஆம் திகதி பிடிக்கப்பட்டவர் 05/09/1990 என்று எழுதப்பட்டு மே 9 ஆகியிருந்தார். ஒக்டோபர் 8 ஆம் திகதிக்காரர் ஓகஸ்ட் 10 ஆகி, எங்கள் ஓகஸ்ட் கணக்கிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அதாவது வந்த குறைந்த தொகைக்குள்ளும் வரக்கூடாத ஒருவர்.

எழுத்தாக நிற்கும் திகதியைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கலத்தின் ஒழுங்கமைப்பில் யாரும் கைவைக்காவிட்டால் எண்ணும் திகதியும் வலது பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடது பக்கம் நிற்கும். எங்கள் பட்டியலில் அந்தத் தடயமும் அழிந்திருந்தது. யாரோ வடிவாக இருக்கட்டும் என்று நிரல் முழுவதையும் நடுவுக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். 'இஸ்நம்பர்' என்ற சார்பைப் பக்கத்து நிரலில் இட்டு ஓடவிட்டபோதுதான் எவை திகதி, எவை திகதிபோல் நடிப்பவை என்று தெரிந்தது. புரண்டுபோன மே 9 ஐ அந்தச் சார்பாலும் பிடிக்க முடியாது. அதன் பார்வையில் அது பழுதில்லாத திகதி. அதைக் கொப்பிதான் காட்டிக்கொடுத்தது. தட்டச்சு முடிந்ததும் கொப்பியை எறிந்திருந்தால் அந்த மனிதர் மே மாதத்திலேயே இருந்திருப்பார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025 செப்டெம்பர் வரையான அகழ்வில் 240 மனித எலும்புத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டன. மண்டைதீவுக் கிணறுகளைத் தோண்ட வேண்டும் என்ற கோரிக்கையும் மீண்டும் எழுந்திருக்கிறது. இனி நீதிமன்றத்துக்கும் காணாமல்போனோர் அலுவலகத்துக்கும் ஜெனீவாவுக்கும் போகப்போவது எங்கள் கண்ணீர் மட்டுமல்ல, எங்கள் பட்டியல்களும்தான். யார், எந்த நாள், எந்த இடத்தில் வைத்து, யாரால் என்ற நான்கு நிரல்களில் ஒன்று புரண்டாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அது போதும். ஒரு திகதி பிழை என்று காட்டிவிட்டு, முழுப் பட்டியலையும் நம்பமுடியாது என்று சொல்லிவிடுவார்.

பெயர்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. சேர்த்த பட்டியல்களில் ஒன்று பாமினி எழுத்துருவில் இருந்தது. பாமினியில் நாங்கள் தமிழ் என்று பார்ப்பது கணினிக்கு ஆங்கில எழுத்துக்களின் கூட்டம். அதே பெயர் யூனிகோடில் வேறு. இரண்டையும் 'விலுக்கப்' கொண்டு ஒப்பிட்டால் ஒன்றுமே பொருந்தாது. பாமினியை மாற்றியான பிறகும் சில பெயர்கள் பொருந்த மறுத்தன. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பு ஒன்று, அரவு ஒன்று என்று இரண்டாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். பெயரின் கடைசியில் ஒட்டிய ஒரு வெற்றிடமும் இதே வேலையைச் செய்யும். அதை 'ட்ரிம்' சார்பால் நீக்கலாம். இணையப் பக்கத்தில் இருந்து பிரதி எடுத்த பெயரோடு வரும் ஒருவகை வெற்றிடத்தை 'ட்ரிம்' தொடாது, அதற்குத் தனியாக மாற்றீடு செய்யவேண்டும்.

பொருந்தாவிட்டால் ஒருவர் இருவர் ஆகிறார். பொருந்தக்கூடாதது பொருந்தினால் இருவர் ஒருவர் ஆகிறார்கள். இரண்டாவதுதான் எனக்குப் பயம். தொண்ணூறுகளின் ஆணைக்குழுக்கள், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு, 2010 இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் பரணகம ஆணைக்குழு, 2018 முதல் காணாமல்போனோர் அலுவலகம் என்று ஒரே தாய் எத்தனை இடத்தில் முறைப்பாடு கொடுத்திருப்பார்? ஆகவே இரட்டிப்புகள் இருக்கத்தான் செய்யும், நீக்கத்தான் வேண்டும். எக்செலில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு. பெயர் நிரலை மட்டும் தெரிவுசெய்து அதை அழுத்தினால், ஒரே பெயருடைய இரண்டு இளைஞர்களில் இரண்டாமவர் போய்விடுவார். எத்தனை நிரைகள் நீங்கின என்று சொல்லும், யார் நீங்கினார் என்று சொல்லாது. தீவுக் கிராமங்களில் பேரனுக்குத் தாத்தாவின் பெயர் வைப்பதும், ஒரே கோயில் தெய்வத்தின் பெயரை நாலு வீட்டில் வைப்பதும் வழமை. தகப்பன் பெயரும் பிறந்த ஆண்டும் பிடிக்கப்பட்ட இடமும் சேர்ந்து ஒத்தால் ஒழிய நிரையை நீக்கக்கூடாது. நீக்கும்போதும் அழிக்காமல் 'இரட்டிப்பு' என்று பக்கத்தில் குறித்து வைப்பது நல்லது.

பிறந்த ஆண்டுக்குப் பழைய அடையாள அட்டை இலக்கம் உதவும். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 500 ஐக் கழிக்க மறந்த சூத்திரம் பெண்களின் பிறந்தநாளை அடுத்த ஆண்டுக்கோ அதற்கு அடுத்ததற்கோ தள்ளிவிடும்.

கழித்தலே ஒரு பெரும் கேள்வியான கதை எங்களுக்குத் தெரியும். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தது ஒரு வரிக் கணக்கு. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. மிகுதி 146,679. முதல் எண் கச்சேரிகளின் பதிவில் இருந்தும் இரண்டாவது ஐ.நா. அறிக்கையில் இருந்தும் எடுக்கப்பட்டவை. அவர் கேட்டது, இந்த மிகுதிக்கு என்ன நடந்தது என்பதற்கு விளக்கம். எங்களில் பலர் பின்னர் அந்த எண்ணையே கொல்லப்பட்டோரின் எண்ணாக எழுதினோம். அது அந்தச் சூத்திரம் சொல்லாத விடை. சரணடைந்து காணாமலாக்கப்பட்டோர், வேறு வழியால் வெளியேறியோர், பதிவில் இரண்டு முறை வந்தோர் எல்லோரும் அதற்குள் இருக்கலாம். அவர்களைப் பிரித்துக் காட்டவேண்டிய பொறுப்பு பதிவேடுகளை வைத்திருந்த அரசுடையது. நாங்கள் மிகைப்படுத்தி எழுதியபோது, விளக்கம் சொல்லவேண்டிய பக்கம் மறுப்பு மட்டும் சொல்லித் தப்பிக்க வழிவிட்டோம் என்றே நினைக்கிறேன். என்னோடு உடன்படாதவர்கள் இருப்பார்கள்.

உள்ளிடும் எண்ணையே பிழையாகக் கொடுத்தால் சூத்திரம் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை என்பதற்கும் அதே வன்னிதான் சாட்சி. 2009 பெப்ரவரியில் போர் வலயத்துக்குள் இருப்போர் ஏறத்தாழ 70,000 என்று கொழும்பு சொன்னது. களத்தில் இருந்த அரச அதிகாரிகளின் கணக்கு 330,000 அளவில் இருந்தது. உணவும் மருந்தும் எந்த எண்ணால் பெருக்கப்பட்டன என்பதை அந்த மாதங்களில் கஞ்சி வரிசையில் நின்ற வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

சூத்திரத்தின் வீச்சைக் குறைத்து இழுத்ததால் வந்த பிழைக்கு உலகில் பேர்போன எடுத்துக்காட்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தது. கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் என்ற இரு பொருளியலாளர்கள், கடன் மொத்த உற்பத்தியின் 90 வீதத்தைத் தாண்டிய நாடுகளின் வளர்ச்சி சராசரியாகப் பூச்சியத்துக்குக் கீழே போகிறது என்று 2010 இல் எழுதினார்கள். சிக்கனம் கோரிய அரசுகள் அதைக் கையில் எடுத்தன. 2013 இல் தோமஸ் ஹேர்ண்டன் என்ற மாணவர் மூல விரிதாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, சராசரி எடுக்கும் சூத்திரம் 30 ஆம் நிரையில் தொடங்கி 49 இல் முடிவதற்குப் பதில் 44 இல் நின்றிருந்தது. ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. வேறு சில தெரிவுகளையும் சேர்த்துத் திருத்தியதும் அந்தச் சராசரி 2.2 வீதமாக வந்தது. ஆசிரியர்கள் எக்செல் பிழையை ஒப்புக்கொண்டார்கள், முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் 2020 இல் பழைய எக்செல் கோப்பு 65,536 நிரைகளுக்கு மேல் கொள்ளாததால் 15,841 கொவிட் தொற்றாளர்கள் நாளாந்த எண்ணிக்கையில் இருந்து விடுபட்டார்கள். அவர்களோடு பழகியோரைத் தேடுவதும் தாமதமானது.

ஹேர்ண்டனால் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது ஆசிரியர்கள் கோப்பைக் கொடுத்ததால்தான். இங்கே 2023 இல் அஸ்வெசும வந்தபோது 22 குறிகாட்டிகளைக் கொண்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளி போட்டு, மாதம் 2,500 ரூபாயா 15,000 ரூபாயா, ஒன்றுமே இல்லையா என்று முடிவானது. முதல் பட்டியல் வந்ததும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. தன் குடும்பத்தின் எந்த விடை எந்தப் புள்ளியாக மாறியது என்று ஒரு பெண் தலைமைக் குடும்பம் கிராம அலுவலரிடம் கேட்டால், அவரிடம் இருப்பதும் முடிவு மட்டும்தான். அந்த விரிதாளை எங்களுக்குத் திறந்து காட்டுங்கள் என்று கேட்பது நியாயமானால், எங்கள் சொந்தப் பட்டியல்களையும் பிறர் திறந்து பார்க்கக்கூடியதாக வைத்திருக்கவேண்டும். பாதுகாப்புக்காக முகவரிகளை மறைப்பது வேறு, எப்படி எண்ணினோம் என்பதை மறைப்பது வேறு.

விறாந்தைக்குத் திரும்புகிறேன். திகதியை ஒரே கலத்தில் எழுதுவதை நிறுத்தினோம். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று நிரல்கள். கொப்பியின் ஒவ்வொரு பக்கமும் படம் பிடிக்கப்பட்டு, எந்த நிரை எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்று குறிக்கப்பட்டது. ஒருவர் கொப்பியை உரக்க வாசிக்க மற்றவர் திரையைப் பார்த்தார். கையால் எண்ணிய தொகையும் சூத்திரத்தின் தொகையும் மாதம் மாதமாக ஒத்துவந்த பிறகே கோப்பை மூடினோம்.

அந்த அம்மாவின் நிரையில் மட்டும் ஒரு தயக்கம் இருந்தது. அவர் சொன்ன நாள் ஆங்கிலத் திகதியில் இல்லை. ஆவணி பிறந்து ஆறோ ஏழோ நாள், விடியப்புறம், அடுப்பு மூட்டவில்லை என்றார். முன்பு யாரோ அதை 22 என்று நிரப்பியிருந்தார்கள். நாள் நிரலை வெறுமையாக விட்டு, மாதத்தில் 8 என்று எழுதி, 'வீட்டார் சொன்னபடி' என்று நான்காவது ஒரு நிரலைத் திறந்து, அவர் சொன்னதை அப்படியே அதில் தட்டினோம்.