புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம்

டிஜே மென்பொருளில் ஒரு பாட்டை இழுத்துப் போட்டால் சில நொடிகளில் 'பிபிஎம் 120.10' என்று காட்டிவிடும். நிமிடத்துக்கு எத்தனை தாளத் தட்டு என்ற கணக்கு அது. அலை வடிவத்தின் மேல் சம இடைவெளியில் கோடுகளும் விழுந்துவிடும். இதற்குப் பெயர் பீட் கிரிட். சிங்க் பட்டனை அழுத்தினால் இரண்டு பாட்டின் கோடுகளும் ஒன்றோடொன்று சேர்ந்து, இரண்டும் ஒரே பாட்டு போல ஓடும். ஓட வேண்டும்!

புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கத்தைப் பார்த்தாலே மனிதர்களுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. காமர்ஸ் மாணவர்கள் இதில் ஏமாறக்கூடாது. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதாலேயே கணக்கு சரி என்று ஆகிவிடாது. ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடுகட்டியிருக்கலாம் என்பது முதல் வருடப் பாடம். இங்கேயும் அதே கதைதான். மென்பொருள் என்ன செய்கிறது? சத்தம் திடீரென்று எகிறும் இடங்களைக் குறித்துக்கொள்கிறது. அவை எந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தேடுகிறது. ரொம்பப் பொருந்துவதாகப் படும் ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறது. ஆக, திரையில் தெரிவது ஒரு நல்ல யூகம். அவ்வளவுதான்.

யூகம் கொஞ்சம் தப்பினால் என்ன ஆகும்? பாட்டின் உண்மையான வேகம் 120, மென்பொருள் எடுத்துக்கொண்டது 120.1 என்று வைத்துக்கொள்வோம். 5 நிமிடத்தில் 600 தட்டு வர வேண்டும், கிரிட் 600.5 என்று எண்ணியிருக்கும். அரைத் தட்டு பிசகு, அதாவது கால் நொடி. அந்த இடத்தில் அடுத்த பாட்டைச் சேர்த்தால், இரண்டு பேர் செருப்புக் காலோடு மாடிப்படி இறங்குவது போலத் தடதடவென்று கேட்கும். ஆடுகிற கூட்டத்துக்கு பிபிஎம் தெரியாது, ஆனால் கால் நின்றுவிடும்.

174-இல் ஓடும் டிரம் அண்ட் பேஸ் பாட்டை 87 என்று காட்டுவதெல்லாம் பெரிய தப்பில்லை. பார்த்தவுடன் தெரியும், ஒரு பட்டனில் இரட்டிப்பாக்கலாம். நம்மூர் குத்துப்பாட்டுகளில் பல ஆறெட்டு நடை. நாலு நாலாக எண்ணிப் பழகிய மென்பொருள் அங்கே ஒன்றரை மடங்கு வேகத்தைக் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம் :-)

இன்னொரு கூத்தும் உண்டு. ஒரு மென்பொருளில் சரிபார்த்த கிரிட்டை இன்னொன்றுக்கு மாற்றினால், சில எம்பி3 பாட்டுகளில் எல்லாக் கோடும் 26 மில்லிசெகண்ட் தள்ளி நிற்கும். எம்பி3-இன் ஒரு துண்டு 1152 சாம்பிள். நொடிக்கு 44,100 என்றால் கணக்கு சரியாக அங்கே வருகிறது. முதல் துண்டை ஒரு மென்பொருள் பாட்டாக எண்ணுகிறது, இன்னொன்று எண்ணுவதில்லை.

உண்மையான நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பீ ஜீஸின் 'ஸ்டேயிங் அலைவ்' (1977) கிரிட்டுக்கு லட்டு மாதிரி. டிரம்மர் ஊருக்குப் போயிருந்ததால் 'நைட் ஃபீவர்' பாட்டிலிருந்து எடுத்த டிரம் பகுதியை டேப் வளையமாக ஒட்டிச் சுழலவிட்ட பாட்டு அது. ஆனால் அந்தக் காலப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றில் டிரம் வாசித்தது மனிதக் கை. பல்லவி வரும்போது கொஞ்சம் வேகமெடுக்கும், பிறகு தணியும். ஒரே இடைவெளியில் கோடு போடும் கிரிட் அதைத் தப்பு என்று பார்க்கிறது. உடனே டிஜே அந்தப் பாட்டையே பட்டியலிலிருந்து தூக்கிவிடுகிறார், அல்லது இழுத்து நேராக்கி அதன் துள்ளலைக் கொன்றுவிடுகிறார். வளைந்து கொடுக்கும் கிரிட்டும் இப்போது உண்டு. டிராக்டர் ப்ரோ 4 அதை 2024-இல் கொண்டுவந்தது. அதுவும் யூகம்தான், காதால் சரிபார்க்கத்தான் வேண்டும். வேகத்தைக் காட்டும்போதே, அதில் தனக்கு எவ்வளவு நிச்சயம் என்பதையும் பக்கத்தில் காட்டினால் மென்பொருளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அதுவரை, முதல் 30 நொடியைக் கேட்டுவிட்டு கிரிட்டை நம்புகிறவர்கள் கடைசி நிமிடத்துக்குப் போய் மெட்ரோனோமைப் போட்டுக் கேட்கலாம். பிசகு சேர்ந்து நிற்பது அங்கேதான். அடுத்த பாட்டைக் கலப்பதும் அங்கேதான்.