லேப்டாப்புக்கும் அடிக்குது அக்னி வெயில்!

ஃபைனல் இயர் புராஜெக்ட் பாதியில நிக்குதா? காலையில பறந்த லேப்டாப், மதியம் ரெண்டு மணிக்கு நத்தையா நகருதா? வைரஸ்னு நினைச்சு ஃபார்மேட் பண்ணிடாதீங்க மக்கா. ரேம் வாங்க அப்பாகிட்ட காசு கேட்டும் நிக்காதீங்க!

பிரச்னை சூடு. பிராசஸர் தன்னோட எல்லையைத் தொட்டதும் (பல இன்டெல் சிப்களுக்கு 100 டிகிரி செல்சியஸ்) கருகிடாம இருக்க, தானே வேகத்தைக் குறைச்சுக்கும். பேரு, 'தெர்மல் த்ராட்லிங்'. 2000-ல வந்த பென்டியம் 4-லயே இந்த வேலை உண்டு. உள்ளே சுத்துற குட்டி ஃபேன் உங்க ரூம் காத்தை இழுத்துத்தான் சூட்டை வெளியே தள்ளுது. சித்திரையில நம்ம மதுரை மொட்டைமாடி ரூம்ல அந்தக் காத்தே 40 டிகிரின்னா, அது பாவம் என்ன செய்யும்?

சார்ஜரைச் சொருகி, புராஜெக்டை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜர்ல சி.பி.யு. ஸ்பீடைப் பாருங்க. அங்கேயே போட்டிருக்கிற 'பேஸ் ஸ்பீடு'க்கும் கீழே விழுதா? இலவசமா கிடைக்கிற ஹெச்.டபிள்யூ.மானிட்டர்ல டெம்பரேச்சரும் 90-ஐத் தாண்டுதா? கள்ளன் மாட்டிக்கிட்டான்!

முதல்ல லேப்டாப்பை மெத்தையிலிருந்து மேஜைக்கு மாத்துங்க. மெத்தை, காத்து போற ஓட்டையை அடைச்சிடும். மேலூர், திருமங்கலம் பக்கம் ரோட்டோர வீடுன்னா புழுதியும் சேர்ந்திருக்கும். ஷட் டவுன் பண்ணிட்டு ப்ளோயரால ஊதுங்க. ஃபேன் கன்னாபின்னான்னு சுத்தாம ஒரு குச்சியால பிடிச்சுக்கணும். அப்பவும் சூடு குறையலைன்னா, சிப் மேல தடவின தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சிருக்கலாம். பழக்கம் இல்லைன்னா சர்வீஸ்காரர்கிட்டயே விடுங்க. சப்மிஷன் நாளைக்கேவா? பெரிய வேலையை விடியக்காலை நாலு மணிக்கு ஓட்டுங்க.