கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவானா?

மது ஹராம் என்பதை நம் மஹல்லாக்களில் எவரும் மறுப்பதில்லை. ஆயினும் குடிக்கும் மகனுக்குப் பெண் தேடும் குடும்பங்கள் குறைந்தபாடில்லை. 'ஒரு கால்கட்டைப் போட்டுவிட்டால் சரியாகிவிடுவான்' என்று பெற்றோர் சொல்ல, பெரியவர்கள் தலையாட்ட, நிகாஹ் நடந்தேறிவிடுகிறது. பெண்வீட்டாருக்கு மட்டும் விஷயம் தெரியாது. இதனை மோசடி என்றே நாம் சொல்வோம்.

மாப்பிள்ளையின் மஹல்லாவில் கடிதம் கேட்டால் நிர்வாகம் முதலில் புரட்டுவது சந்தாப் புத்தகத்தை. முன்பே மணமானவரா என்றும் விசாரிப்பார்கள். போதைப் பழக்கம் உண்டா என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. சந்தா கட்டிய குடிகாரனுக்குக் கடிதம் உடனே கிடைக்கிறது. பாக்கி வைத்த ஏழைத் தந்தையோ மகளின் கடிதத்துக்காக அலைகிறார். இதுவா ஜமாஅத்தின் அளவுகோல்?

'பிறர் குறையைச் சொல்வது புறம் பேசுவதாகாதா?' என்று சிலர் மார்க்கத்தைக் கேடயமாகப் பிடிக்கிறார்கள். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களைப் பெண் கேட்டு முஆவியா (ரலி), அபூ ஜஹ்ம் (ரலி) ஆகிய இருவர் முன்வந்தபோது, அவர் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார். முன்னவரிடம் பொருளில்லை என்பதையும், பின்னவர் கைத்தடியைத் தோளிலிருந்து இறக்காதவர் என்பதையும் நபியவர்கள் வெளிப்படையாகவே கூறி, உஸாமா (ரலி) அவர்களை மணக்கச் சொன்னார்கள். முஸ்லிம் நூலில் பதிவான நிகழ்ச்சி இது. திருமண ஆலோசனையில் உண்மையைக் கூறுவது தடுக்கப்பட்ட புறம் அல்ல என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் விளக்கியிருக்கிறார்கள். வறுமையையே மறைக்காத மார்க்கத்தில் போதையை மறைக்க இடமேது?

'அவன் குடிப்பதில்லை, ஏதோ மாத்திரைதான்' என்பது இப்போதைய புதுச் சமாதானம். அறிவை மறைப்பது எதுவோ அதுவே கம்ரு என்று உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கினார்கள். டேபென்டடால் போன்ற வலி நிவாரணி மாத்திரைகளை நீரில் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் தமிழகத்தில் பிடிபட்டுவருவதைச் செய்திகளில் காண்கிறோம். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தினால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் பரவும். கட்டிக்கொண்டு வரும் அப்பாவிப் பெண்ணுக்கும் அந்த அபாயம் உண்டு. அவளுடைய நகை அடகுக் கடைக்குப் போவதும், அடியும் வசையும் அவளுக்கு வந்து சேர்வதும் தனிக்கதை. கால்கட்டு அவனுக்கு விழுவதில்லை, அவளுக்கே விழுகிறது.

2003 முதல் அரசு நிறுவனமே மதுவைச் சில்லறையாக விற்கும் மாநிலம் இது. அதைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் நிகாஹ் கடிதத்தை டாஸ்மாக் எழுதித் தருவதில்லையே!

போதைக்கு அடிமையானவனை ஒதுக்கித் தள்ளச் சொல்லவில்லை. அவனுக்கு வேண்டியது மருத்துவம். அறையில் பூட்டி வைப்பதும் மருத்துவமாகாது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். 14446 என்ற தேசிய உதவி எண்ணில் கட்டணமின்றி வழி கேட்கலாம். அவன் சிகிச்சை பெற்று நிலைபெறும்வரை ஜமாஅத் கடிதத்தை நிறுத்தி வைக்கட்டும். பின்னர் பெண் பேசும்போது அவளிடமும் அவளுடைய வலீயிடமும் நடந்ததைச் சொல்லட்டும். சம்மதிப்பதும் மறுப்பதும் அவர்களுடைய உரிமை.