பாட்டு ஒருவருடையது, பந்தல் யாருடையது?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்விரண்டின் தொல்லையையும் ஒருங்கே தலைமேல் ஏற்றுக்கொள்ள ஊர்கள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? ஐரோப்பாவில் ஆண்டுதோறும் நடைபெறும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் இந்த வியப்பைக் காணலாம். மேடையில் பாடகர்கள் போட்டியிடுவதைக் கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். அந்த மேடை எந்த ஊரில் அமைவது என்பதற்காகப் பல திங்கள் முன்பே நடக்கும் போட்டியை அவ்வளவாக எவரும் கவனிப்பதில்லை. என் மனத்தைக் கவர்ந்தது இந்த இரண்டாவது போட்டிதான். பொருளியல் படிக்கும் மாணவன் என்ற முறையில் அதைப் பற்றிய என் கருத்தை இங்கே முன்வைக்க விரும்புகிறேன்.

பரிசா, பாரமா?

1956ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளுடன் இப்போட்டி தொடங்கியது. இதனை ஏற்பாடு செய்வது ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம். முதற்பரிசு பெறும் நாடே அடுத்த ஆண்டு போட்டியை நடத்த வேண்டும் என்பது நாளடைவில் வழக்கமாயிற்று. பாடியவர் கழுத்தில் மாலை விழுகிறது. அவருடைய நாட்டின் தலையில் செலவு விழுகிறது!

"எங்களால் ஆகாது" என்று ஒதுங்கிய நாடுகளும் உண்டு. 1971இல் வென்ற மொனாக்கோவால் நடத்த இயலவில்லை; 1972ஆம் ஆண்டுப் போட்டி ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நடந்தது. லக்சம்பர்க் 1972, 1973 ஆகிய ஈராண்டுகளும் தொடர்ந்து வென்றது. ஒரு முறை நடத்திய அந்நாடு, மறுமுறை கைகூப்பி விலகிக்கொண்டது. 1974ஆம் ஆண்டுப் போட்டி இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்குப் போயிற்று. இஸ்ரேலும் 1979இல் நடத்திவிட்டு, மீண்டும் வென்றபோது மறுத்துவிட்டது. 1980இல் நெதர்லாந்தின் ஹேக் நகரம் அப்பொறுப்பை ஏற்றது. விரலுக்குத் தக்க வீக்கம் என்பதை உணர்ந்து ஒதுங்கியதை நான் குறையாகக் கருதவில்லை.

ஊரைத் தேர்ந்தெடுக்கும் முறை

மே மாதத்தில் வெற்றி அறிவிக்கப்படுகிறது. அடுத்த மே மாதத்திற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். எனவே வென்ற நாட்டின் ஒலிபரப்பு நிலையம் உடனே ஊர்களிடமிருந்து விண்ணப்பம் கேட்கிறது. ஏறத்தாழ 10,000 பேர் அமரக்கூடிய, கூரையிட்ட அரங்கம் வேண்டும். அதுவும் ஒருநாள் வாடகைக்கு அன்று. மேடை கட்டவும் ஒத்திகை பார்க்கவும் ஆறேழு வாரங்களுக்கு முன்பே அரங்கத்தை ஒழித்துக் கொடுக்க வேண்டும். கலைஞர்களும் செய்தியாளர்களும் இரசிகர்களும் தங்க ஆயிரக்கணக்கான ஓட்டல் அறைகள் வேண்டும்; அருகே பன்னாட்டு விமான நிலையம் வேண்டும்; காவல் ஏற்பாடு வேண்டும். இவ்வளவுக்கும் நகராட்சி எவ்வளவு பணம் தரும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

இந்த அளவுகோலைப் பார்த்தால் பெருநகரங்களுக்கு மட்டுமே இடமுண்டு என்று தோன்றும். ஆனால் 1993இல் அயர்லாந்து நாட்டின் மில்ஸ்டிரீட் என்ற சிற்றூர் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. மக்கள் தொகை ஏறத்தாழ 1,500. அங்கே குதிரைப் போட்டிகள் நடத்துவதற்கான அரங்கம் ஒன்று இருந்தது. அதன் உரிமையாளர் ஒலிபரப்பு நிலையத்திற்குக் கடிதம் எழுதி, வாடகையின்றித் தருவதாகச் சொன்னார். மாட்டுத் தொழுவத்தில் பாட்டா என்று கேலி பேசியவர்களும் உண்டு. ஆயினும் ஊரே ஒன்றுகூடி விழாவைச் சிறப்பாக நடத்திக் காட்டியது. போட்டியை நடத்திய ஊர்களில் இன்றளவும் மிகச் சிறியது அதுதான். மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது!

பெருமைக்குக் கொடுத்த விலை

நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2011இல் அஜர்பைஜான் வென்றது. மறு ஆண்டுப் போட்டிக்காகத் தலைநகர் பாக்கூவில் கடற்கரையோரம் பெரிய அரங்கம் விரைந்து எழுப்பப்பட்டது. அந்தப் பகுதியில் குடியிருந்தவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் கண்டித்தன. போட்டிக்காக இடிக்கவில்லை என்றது அரசு. காரணம் எதுவாயினும், வீடிழந்தவர் செவிக்கு அந்தப் பாட்டு எப்படி இனித்திருக்கும்?

2014இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரம் பழைய கப்பல் கட்டும் கூடம் ஒன்றை அரங்கமாக மாற்றியது. கேட்பதற்கு நல்ல யோசனைதான். ஆனால் செலவு மதிப்பீட்டை வெகுவாக மிஞ்சிப் பொதுப்பணம் கரைந்தது. மேடை கலைந்த பிறகும் கணக்கு வழக்கு ஓயவில்லை.

வரவு இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 2022இல் வென்ற உக்ரைனில் போர் நடந்துகொண்டிருந்ததால், 2023ஆம் ஆண்டுப் போட்டியை அந்நாட்டின் சார்பில் பிரிட்டன் நடத்தியது. இருபது ஊர்கள் விரும்பி முன்வந்தன, இறுதியில் கிளாஸ்கோவும் லிவர்பூலும் எஞ்சின, லிவர்பூல் தேர்வாயிற்று. உக்ரைனின் ஒடேசா நகரத்தோடு 1957 முதல் நட்புறவு பூண்ட ஊர் அது. பிரிட்டனில் தஞ்சம் புகுந்திருந்த உக்ரைனியருக்கென 3,000 நுழைவுச் சீட்டுகள் சலுகை விலையில் ஒதுக்கப்பட்டன. பந்தல் நம் வாசலில் இருந்தாலும் விழா அவர்களுடையது என்பதை மறவாத அந்தப் பண்பைப் பாராட்டாமல் இருக்க முடியாது. அந்த விழாவால் நகருக்கு வந்த வருமானம் 5 கோடி பவுண்டுக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள்.

ஆனால் பொருளியல் இன்னொரு கேள்வியையும் கேட்கச் சொல்கிறது. வரவு யார் பையில் விழுகிறது? செலவு யார் பையிலிருந்து போகிறது? ஓட்டல் முதலாளிக்கும் கடைக்காரருக்கும் வருமானம் கூடுகிறது. வரிப்பணமோ, பாட்டே கேட்காத முதியவரிடமிருந்தும், விழா முடிந்த இரவில் தெருவைக் கூட்டும் தொழிலாளியிடமிருந்தும் வருகிறது. ஆகவே அவர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதே என் வாதம்.

பாசல் காட்டிய வழி

அப்படிக் கேட்ட ஊர் ஒன்று உண்டு. 2024 மே மாதத்தில் சுவிட்சர்லாந்து வென்றது. ஜெனீவாவோடு போட்டியிட்ட பாசல் நகரம் ஆகஸ்டில் தேர்வாயிற்று. ஏறத்தாழ 3.5 கோடி பிராங்க் செலவிட மாநில அவை ஒப்புதல் தந்தது. சிறிய கட்சி ஒன்று அதை எதிர்த்துக் கையொப்பம் திரட்டியது. அந்நாட்டுச் சட்டப்படி செய்தி மக்கள் முன் சென்றது. நவம்பர் 24ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்கினர் "செலவிடலாம்" என்றார்கள். 2025 மே மாதத்தில் விழா நடந்தபோது, அரங்கத்தில் இடம் கிடைக்காதவர்களுக்காகக் கால்பந்து மைதானத்தில் பெரிய திரைகள் வைக்கப்பட்டன. ஏறத்தாழ 36,000 பேர் அங்கே கூடி மகிழ்ந்தார்கள். தாங்களே ஒப்பிக் கொடுத்த பணத்தில் நடக்கும் விழாவைப் பார்ப்பதில் தனி மகிழ்ச்சி இருக்கும் அல்லவா?

இதிலும் எனக்கு ஒரு குறை தென்படுகிறது. ஊர் தேர்வான பிறகுதான் மக்களைக் கேட்டார்கள். அழைப்பிதழ் அச்சடித்த பிறகு வீட்டாரிடம் சம்மதம் கேட்பது போன்றது இது! விண்ணப்பம் போடும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

"அதற்கெல்லாம் நேரம் ஏது? எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த விழாவும் நடக்காது" என்று நண்பர்கள் சிலர் சொல்வார்கள். நேரம் குறைவு என்பது உண்மையே. ஆனால் பாசலில் கேட்டார்கள், விழாவும் நடந்தது. வாக்கெடுப்புக்கு வழியில்லாத நாடுகளிலும் மூன்று செயல்களைச் செய்யலாம். விண்ணப்பத்தோடு செலவுத் திட்டத்தையும் மக்கள் முன் வைக்கலாம். புதிதாகக் கட்டும் ஊரைவிட, இருக்கும் அரங்கத்தைத் தரும் ஊருக்கு முதலிடம் தரலாம். விழாவுக்காக எவர் வீடும் இடிபடாது என்று உறுதி வாங்கலாம்.

எங்கோ நடக்கும் பாட்டுப் போட்டியைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு என்று தோன்றலாம். கலை விழாக்களை வெறுப்பவனல்லன் நான். விழா இல்லாத ஊர் பாழ் என்றே எண்ணுகிறேன். பாட்டு பாடகருக்குச் சொந்தம். பந்தல் ஊராருக்குச் சொந்தம். பந்தலுக்குக் கால் நடுமுன் ஊராரைக் கேட்பதே முறை. கேட்டு நடத்தும் விழாவில்தான் பாட்டு எல்லார் காதிலும் ஒன்றுபோல் இனிக்கும் என்பது என் துணிபு.