சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

என் அப்பா முப்பத்தைந்து வருஷம் செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷன் டிக்கெட் கவுன்ட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு, ஊர் ஜனங்களையெல்லாம் 'பீச்'சுக்கு அனுப்பியவர். "பீச் ஒண்ணு குடுங்க ஸார்", "பீச் ரெண்டு, ஒரு ஆஃப்" என்று லட்சம் பேராவது கேட்டிருப்பார்கள். அத்தனை பேருக்கும் பீச் கொடுத்த மனுஷர், தான் பீச்சுக்குப் போனது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். அதிலும் பாதி, கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி ஏதோ ஆபீஸ் பேப்பரைக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பியது. கடலைப் பார்த்ததாகக் கணக்கில் வராது.

இந்த அநியாயத்தைச் சரிசெய்வது என்று போன மே மாதம் தீர்மானித்தேன். முழுக் குடும்பமும் மகாபலிபுரம். ஒரு ராத்திரி தங்கல். செங்கல்பட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர்தான். வெள்ளைக்காரன் விமானம் ஏறி வந்து பார்க்கிற இடத்தை, பக்கத்தில் இருக்கிற ஒரே காரணத்தால் நாம் பார்ப்பதில்லை.

நான், மனைவி, அப்பா, அம்மா, மாமியார், நாலு வயசு மகள். வாடகை வண்டியில் ஏறியதும் அப்பா தலைகளை எண்ணி, "அஞ்சு ஃபுல்லு. குட்டிக்கு அஞ்சு வயசு ஆகலை, ஃப்ரீ" என்று வண்டியை அனுமதித்தார்.

முதல் சோதனை வண்டி நகர்வதற்குள் வந்துவிட்டது. அம்மா ஒரு தூக்கு நிறைய புளியோதரை கொண்டுவந்திருந்தாள். மாமியாரும் ஒரு தூக்கு நிறைய புளியோதரை. இருவரும் முன்கூட்டி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. "நீங்க எதுக்கு சம்பந்தி சிரமப்பட்டீங்க?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டார்கள். சிரித்தபடிதான். ஆனால் இரண்டு ஜோடிக் கண்களும் என் தட்டின் மேல் இருந்தன.

நான் பி.காம். ஸார். டபுள் என்ட்ரி என்ன என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அங்கே ஒரு கரண்டி, இங்கே ஒரு கரண்டி. அங்கே ஒரு 'பிரமாதம்', இங்கே ஒரு 'பிரமாதம்'. கணக்கு டேலி ஆயிற்று. வயிறுதான் ஆகவில்லை.

*

திருக்கழுக்குன்றத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். மணி பதினொன்றே முக்கால். அப்பா இறங்கி, நெற்றியில் கையை வைத்து மலையை அண்ணாந்து பார்த்தார்.

"இப்போ கழுகு வர்ற நேரம். குட்டியைத் தூக்கிக் காட்டுடா."

உச்சிவேளைக்கு இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் சாப்பிட்டுவிட்டுப் போகும் என்பதுதான் அந்த ஊருக்குப் பெருமை. ஆனால் அவை வருவது நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதைச் சொன்னேன்.

"அப்படியா? அடடா!" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

டீ வந்தது. குடித்தோம். டம்ளரை வைத்துவிட்டு அப்பா கேட்டார்: "கழுகு வந்துட்டுப் போயிடுச்சா?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். "மே மாசம் தாத்தா. கழுகுக்கு லீவு விட்டிருக்காங்க" என்றாள் மகள். அப்பாவும் சிரித்தார். நான் வண்டியில் ஏறிவிட்டேன்.

இங்கே கொஞ்சம் அக்கவுன்டன்ஸி சொல்லவேண்டும். டிரையல் பேலன்ஸ் போடும்போது இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் நியாயமாக என்ன செய்யவேண்டும்? லெட்ஜரைப் புரட்டித் தப்பைத் தேடவேண்டும். அதற்கு நேரமில்லாவிட்டால் 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒன்றைத் திறந்து, வித்தியாசத்தை அதில் போட்டு வைக்கலாம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. கணக்கு அழகாக டேலி ஆகிவிடும். தப்பு மட்டும் அப்படியே உள்ளே இருக்கும்.

ஆறு மாதமாக அப்பா விஷயத்தில் நான் செய்துகொண்டிருந்தது அதுதான். பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் கொடுத்தார். 'வயசானா தாராளம் வந்துடும்' என்றேன். கொளவாய் ஏரிப் பக்கம் காலையில் நடக்கப் போனவர் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். 'பழைய சிநேகிதர் யாராவது மாட்டியிருப்பார்' என்றேன். அம்மா போனில் ஏதோ சொல்ல வந்தபோது, "எழுபத்திநாலு வயசும்மா, எனக்கே இப்போ மறக்குது" என்றேன். எல்லாம் சஸ்பென்ஸ்.

*

மகாபலிபுரத்தில் இறங்கியதும் அப்பா வேறு மனுஷர் ஆகிவிட்டார். கைடு ஒருவர் ஆசையோடு நெருங்கி வந்து, அப்பா பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, தொழில் தர்மம் கருதி விலகிப் போனார்.

"ஏழாம் நூற்றாண்டு. முதலாம் நரசிம்மவர்மன். மாமல்லன்னா பெரிய மல்யுத்த வீரன்னு அர்த்தம். அவன் பேர்தான் ஊருக்கு. இந்த அஞ்சு ரதமும் கல்லை அடுக்கிக் கட்டினது இல்லை. பாறையை மேலேயிருந்து செதுக்கிக்கிட்டே கீழே வந்தது. ஒண்ணும் முழுசா முடியலை."

"ஏன் தாத்தா முடிக்கலை?"

"ராஜா போயிட்டா கான்ட்ராக்டரை யாரு கேட்பா?"

கடற்கரைக் கோயிலில் இன்னும் ஜோர். "இது அவன் கட்டலை. பின்னாடி வந்த ராஜசிம்மன். இது செதுக்கினது இல்லை, கல்லை அடுக்கிக் கட்டினது. வித்தியாசம் தெரியுதா?" 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது வரை சொன்னார். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் உள்வாங்கியபோது கண்ணில் படாத பாறைகள் எல்லாம் வெளியே தெரிந்ததையும், அடுத்த வருஷம் பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் மணலுக்கு அடியில் பழைய செங்கல் முருகன் கோயில் அகப்பட்டதையும் சொன்னார். 1997-ல் இரண்டாகப் பிரித்துப் பெயரும் மாற்றப்பட்ட செங்கல்பட்டு மாவட்டம் 2019-ல் திரும்பி வந்ததை, காணாமல் போன குழந்தை கிடைத்த மாதிரி சொன்னார். ஒரு வருஷம் பிசகவில்லை.

மாமியார் அசந்துபோய், "மாப்ளே, உங்கப்பாவுக்கு என்ன ஞாபகசக்தி!" என்றார்.

எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஏழாம் நூற்றாண்டு இவ்வளவு பளிச்சென்று இருக்கிறவருக்கு என்ன குறை? அந்த மனுஷருக்கு அன்று காலை ஏழு மணிக்குச் சாப்பிட்ட இட்லி ஞாபகமில்லை என்பதையும், "டிபன் எப்போ?" என்று வண்டியில் மூன்று தடவை கேட்டதையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

*

சாயங்காலம் அர்ஜுனன் தபசு. மகளுக்கு அர்ஜுனன் மேல் அக்கறை இல்லை. யானைகளுக்குக் கீழே ஒரு பூனை ஒற்றைக் காலில் நின்று, கைகளை மேலே தூக்கித் தவம் செய்கிறதே, காலடியில் எலிகளோடு, அது போதும் அவளுக்கு. தானும் ஒற்றைக் காலில் நின்று காட்டினாள்.

அங்கிருந்து வெண்ணெய் உருண்டைப் பாறை. சுமார் 250 டன் என்கிறார்கள். இதோ உருண்டுவிடப் போகிறேன் என்று சரிவில் பயமுறுத்திக்கொண்டே நிற்கிறது. 2019 அக்டோபரில் நம் பிரதமரும் சீன அதிபரும் கை கோத்துப் போட்டோ எடுத்துக்கொண்டது இதன் முன்னால்தான். பெரியவர்களுக்குப் பாறை அதிசயம். பொடிசுகளுக்கு அந்த வழவழ சரிவுதான் சறுக்குமரம்.

கூட்டம் ஜாஸ்தி. குழந்தை தொலைந்துவிடக் கூடாதே என்று என் மனைவி புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்திருந்தாள். மகளின் முழங்கைக்குக் கீழே பால்பாயின்ட் பேனாவால் என் போன் நம்பரைப் பெரிசாக எழுதியிருந்தாள். அது போதாதென்று மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர், பக்கவாட்டில் ஒருத்தர், போட்டோவுக்கு நான். ஒரு குழந்தைக்கு இத்தனை காவல்.

ஏழாவது சறுக்கல் முடிந்து மகள் எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு கேட்டாள்: "தாத்தா எங்கே?"

திரும்பிப் பார்த்தோம். தாத்தா இல்லை.

"பாத்ரூம் போயிருப்பார்" என்றேன். அதுவும் சஸ்பென்ஸ்தான், பாருங்கள். பத்து நிமிஷம் கழித்து அந்த வார்த்தை செல்லுபடியாகவில்லை. அவர் போன், வண்டியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா பாறை ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "ரெண்டு தடவை இப்படி ஆயிருக்குடா. ஏரிக்கரையிலிருந்து யாரோ கொண்டுவந்து விட்டாங்க. உன்கிட்ட சொல்ல வந்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

மனைவி ஒரு பக்கம் ஓடினாள். மாமியார் பெண்மணிகளுக்கே உரிய சாமர்த்தியத்தோடு, இளநீர்க்காரர், சங்கு விற்பவர், குதிரைக்காரர் எல்லோரிடமும் "கட்டம் போட்ட சட்டை, பையில ரெண்டு பேனா" என்று ஐந்தே நிமிஷத்தில் ஒரு உளவுத்துறையை அமைத்துவிட்டார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடினேன். அந்தக் கடலில் இறங்காதீர்கள் என்ற எச்சரிக்கைப் போர்டு அன்றைக்கு என் கண்ணுக்கு எவ்வளவு பெரிசாகத் தெரிந்தது என்று சொல்ல முடியாது.

அங்கே இல்லை. மாமியாரின் உளவுத்துறைதான் சொன்னது: பஸ் ஸ்டாண்ட்.

சிமெண்ட் பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தார். கையில் இரண்டு கமர்கட். முகத்தில் அவசரம்.

"அப்பா!"

என்னைப் பார்த்தார். தெரிந்த மாதிரி இல்லை. கவுன்ட்டருக்கு வெளியே நிற்கிற பயணியைப் பார்க்கிற மரியாதையான பார்வை.

"செங்கல்பட்டு பஸ் எத்தனை மணிக்குங்க? பையன் ஸ்கூல் விட்டு வந்திருப்பான். வீடு பூட்டியிருக்கு. சாவி என்கிட்ட இருக்கு. சின்னப் பையன், வாசல்லயே உக்காந்திருப்பான்."

ஸார், அந்தப் பையன் எதிரேதான் நிற்கிறான். முப்பத்தெட்டு வயசு, தொப்பை, இடுப்பில் ஒரு குழந்தை. அவனுக்குப் பிடிக்கும் என்று கமர்கட் வாங்கிக்கொண்டு, அவன் வாசலில் காத்திருப்பானே என்று பதறிக்கொண்டு, அவனைத் தேடித்தான் அவர் கிளம்பியிருக்கிறார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. மகளுக்கு அந்தப் பிரச்னை இல்லை. இறங்கிப்போய், "தாத்தா, தொலைஞ்சு போயிட்டியா?" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் மெல்ல எல்லாம் திரும்பி வந்தது.

"நான் எங்கே தொலைஞ்சேன்? உங்கப்பன்தான் தொலைஞ்சு போயிட்டான். எவ்வளவு நேரமாத் தேடறது?"

வாஸ்தவம்.

*

அன்று ராத்திரி கடற்கரையில் எல்லோரும் மணலில் உட்கார்ந்து இரண்டு தூக்குப் புளியோதரையையும் காலி செய்தோம். யார் தூக்கு எது என்று யாரும் பார்க்கவில்லை. மகள் அம்மாவிடம் பேனாவை வாங்கி, தாத்தாவின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தன் கையைப் பார்த்துப் பார்த்து, என் நம்பரை ஒவ்வொன்றாக எழுதினாள். மூன்று மட்டும் திரும்பி நின்றது. அப்பா மறுப்புச் சொல்லாமல் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் டாக்டரிடம் போனோம். மறதி எல்லாம் வயசுக் கோளாறு அல்ல என்றார் அவர். தைராய்டு குறைந்தாலும் வரும், வைட்டமின் பி-12 குறைந்தாலும் வரும். அப்படி இருந்தால் சரிசெய்யலாம். முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும். பழசு நினைவிருந்து புதுசு மறந்துபோவதும், தெரிந்த வழி தவறுவதும் லேசாக விடவேண்டிய விஷயங்கள் இல்லை. எல்லா டெஸ்டும் எடுத்தோம். அப்பாவுக்கு இரண்டும் சரியாக இருந்தன. மற்றது, மறதி நோயின் ஆரம்பம். அதை முழுசாகக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் அதை ஆறு மாதம் முன்னாலேயே ஆரம்பித்திருக்கலாம்.

இப்போது அப்பாவின் சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு ஒரு விலாச அட்டையும் இருக்கிறது. நடக்கப் போகும்போது பக்கத்து வீட்டுப் பையன் துணை. அம்மா போன் செய்தால் முழுசாகக் கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது இரண்டாவது தடவை கழுகைப் பற்றிக் கேட்டால், சிரித்து முடித்ததும் கொஞ்சம் லெட்ஜரைப் புரட்டிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் செங்கல்பட்டு போகிறோம். போனதும் மகள் பேனாவை எடுத்துக்கொண்டு தாத்தாவிடம் போய்விடுவாள். சீசன் டிக்கெட் ரின்யூவல் மாதிரி. மூன்று இப்போது நேராக நிற்கிறது. அவள் எழுதி முடித்ததும் அப்பா கண்ணாடியை ஏற்றி, கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தவறாமல் கேட்கிறார்:

"எல்லாம் சரி. தேதி குத்தலையே?"